ஒரு காலத்தில் தடை, இன்று அரசு முத்திரை: டிரினிடாட் பற்றிப் பேசுவோம்

கடற்காகம்:

வணக்கம் நண்பர்களே. 2009 முதல் 2013 வரை கரீபியக் கடலில் இருக்கும் டிரினிடாட் தீவில் வேலை பார்த்தேன். பாயிண்ட் லீசாஸ் தொழிற்பேட்டையில் ஒரு அமோனியா ஆலை, நான் பராமரிப்புப் பிரிவு. ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் கேட்பது இரண்டே விஷயம்: லாராவைப் பார்த்தாயா, கடற்கரை எப்படி. அந்த நாட்டைப் பற்றி விரிவாகப் பேச ரொம்ப நாளாக ஆசை. இப்போது ஒரு காரணமும் கிடைத்திருக்கிறது.

1962இல் சுதந்திரம் வாங்கியபோது அவர்கள் வரைந்த அரசு முத்திரையில் கொலம்பஸின் மூன்று கப்பல்கள் இருந்தன. 1498இல் அவர் அங்கே வந்ததன் நினைவு. 2024 ஆகஸ்டில் அப்போதைய பிரதமர் கீத் ரௌலி, கப்பல்களை எடுத்துவிட்டு ஸ்டீல்பேன் வாத்தியத்தை வைக்கப் போகிறோம் என்று அறிவித்தார். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. கொலம்பஸ் பெயரில் இருந்த விடுமுறையை 1985லேயே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆகஸ்ட் 1ஐ அடிமை ஒழிப்பு நாளாக வைத்துவிட்டார்கள். இப்போது கப்பலும் போய்விட்டது.

கப்பலின் இடத்தில் வந்து உட்கார்ந்த வாத்தியம் எது என்று பாருங்கள். எண்ணெய் பீப்பாயின் அடித்தகடு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், கார்னிவல் என்ற தெருத் திருவிழாவுக்கு முந்தைய நள்ளிரவில் தீப்பந்தத்தோடு பறையடித்துப் போவார்கள். அதற்கு 'கான்பூலே' என்று பெயர், கரும்பு எரிப்பு என்று அர்த்தம். 1881இல் போலீஸ் அதை நிறுத்தப் போய் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவில் கைகலப்பு. 1884இல் சட்டம் போட்டுத் தோல் பறையையும் தீப்பந்தத்தையும் ஒடுக்கினார்கள். தோல் இல்லையென்றால் மூங்கில் என்று, வெவ்வேறு நீளத்துக்கு மூங்கிலை வெட்டித் தரையில் இடித்து வாசித்தார்கள். அப்புறம் பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி. 1930களின் கடைசியிலும் 40களிலும் அதிலிருந்து ஸ்டீல்பேன் பிறந்தது.

அவர்களுடைய விடுமுறைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இதே கதைதான் திரும்பத் திரும்ப வரும். மார்ச் 30 விடுமுறை. சத்தமாகப் பாடி, மணியடித்துக் கும்பிடும் 'ஷௌட்டர்' பாப்டிஸ்ட் மக்களின் வழிபாட்டை 1917இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1951 வரை, 34 வருடம், சாமி கும்பிடுவதே குற்றம். தடை நீங்கிய அந்த நாள்தான் இன்று தேசிய விடுமுறை. ஜூன் 19ம் விடுமுறை. 1937இல் எண்ணெய் வயல் தொழிலாளர்களைத் திரட்டியதற்காக வெள்ளை அரசு சிறையில் போட்ட யூரியா பட்லரின் போராட்டம் தொடங்கிய நாள், இன்று அவர்களுடைய தொழிலாளர் தினம்.

அரசு எதை மிதித்ததோ அதையே அந்த மக்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த நாட்டின் மேல் இவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணம் இதுதான். உங்களுக்குத் தெரிந்ததையும் சேருங்கள்.

தேன்மொழி_கோவை:

அருமையான தொடக்கம் அண்ணா. ஒரு சந்தேகம். பீப்பாயைத் தட்டினால் 'டம் டம்' என்றுதானே வரும்? அதில் ராகம் எப்படி வாசிக்கிறார்கள்? காணொளியில் பார்க்கும்போது சினிமாப் பாட்டெல்லாம் அட்சர சுத்தமாக வருகிறது.

பஞ்சமம்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். நான் கீபோர்டு வகுப்பு எடுப்பவன். இரண்டு வருடம் முன்பு ஒரு நண்பர் 'டெனர் பேன்' என்ற ஸ்டீல்பேன் வகை ஒன்று வாங்கி வந்தார். ஸ்டீல்பேனைச் சுருக்கமாகப் 'பேன்' என்பார்கள். அதை வாரக்கணக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

205 லிட்டர் எண்ணெய் பீப்பாயைக் கவிழ்த்து, அடித்தகட்டைச் சம்மட்டியால் உள்பக்கமாக அடித்து அடித்துக் கிண்ணம் போலக் குழி ஆக்குவார்கள். இழுபட இழுபடத் தகடு மெல்லியதாகும். ஆனால் எங்கேயும் கிழியக் கூடாது. பிறகு ஒவ்வொரு சுரத்துக்கும் வட்டமாக, முட்டை வடிவாக எல்லை வரைந்து, அந்தக் கோட்டின் மேல் உளிமுனையால் வரிசையாகக் குத்துவார்கள். அந்தக் கோடு ஒரு வரப்பு மாதிரி, பக்கத்துச் சுரத்தின் அதிர்வு இங்கே கசியாமல் நிறுத்தும். பீப்பாயின் பக்கச்சுவரை வேண்டிய உயரத்துக்கு வெட்டி, நெருப்பில் காட்டி எடுத்த பிறகு சுதி சேர்ப்பது. சின்னச் சுத்தியலால் அடியிலிருந்து ஒரு தட்டு, மேலிருந்து ஒரு தட்டு. பெரிய முட்டை கீழ் ஸ்தாயி, சின்ன முட்டை மேல் ஸ்தாயி. வாசிக்கும் குச்சியின் நுனியில் ரப்பர் சுற்றியிருக்கும்.

எனக்குக் கண் விரிந்தது சுரங்களின் வரிசையைப் பார்த்துத்தான். பியானோ மாதிரி ச ரி க என்று வரிசையாக இல்லை. வெளிவட்டத்தில் 12 சுரம். ஒரு சுரத்தை ஷட்ஜமம் என்று எடுத்துக்கொண்டால் அதன் ஒரு பக்கத்தில் அதனுடைய பஞ்சமம், மறுபக்கத்தில் மத்திமம். எந்தச் சுரத்தில் ஆரம்பித்தாலும் இதே கணக்கு. ஒவ்வொரு சுரத்துக்கும் நேர் உள்ளே அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. அதாவது ஒத்துப்போகிற சுரங்களெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைத் தட்டும்போது பக்கத்து வீடு அதிர்ந்தாலும் அபஸ்வரம் ஆகாது, இன்னும் நிறைவாகக் கேட்கும். இந்த அடுக்கைக் கொண்டுவந்தவர் ஆன்டனி வில்லியம்ஸ். தகட்டைக் குழியாக அடிக்கலாம் என்று செய்து காட்டியவர் எலி மானெட். இசைக் கல்லூரி எதிலும் படித்து இதைச் செய்யவில்லை, தெருவில் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தார்கள்.

ராவுத்தர் மகன்:

கடற்காகம் அண்ணா, உங்கள் பதிவை மதிக்கிறேன். ஆனால் 'தடை செய்ததால்தான் பிறந்தது' என்கிற கோடு கொஞ்சம் நேராக இருக்கிறது.

தடை 1884இல். ஸ்டீல்பேன் வந்தது அரை நூற்றாண்டுக்கும் பிறகு. நடுவில் எவ்வளவோ நடந்திருக்கிறது. அந்தத் தீவில் 1857லேயே எண்ணெய்க் கிணறு தோண்டிப் பார்த்தார்கள், அதனால் பீப்பாய் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா சகுவாராமாஸில் கடற்படைத் தளம் போட்டது, அதனால் இன்னும் நிறையப் பீப்பாய் வந்தது. போர்க்காலத்தில் கார்னிவல் நிறுத்தப்பட்டிருந்தது. சேரிப் பையன்கள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தட்டித் தட்டிப் பார்க்க நேரம் கிடைத்தது.

இன்னொன்று, அந்தப் பையன்களை மிதித்தது வெள்ளை அரசு மட்டும் இல்லை. சொந்த ஊர் நடுத்தர வர்க்கமும் 'ரவுடிகள்' என்றுதான் ஒதுக்கியது. குழுக்களுக்கு டெஸ்பராடோஸ், காசாபிளாங்கா, டோக்கியோ, இன்வேடர்ஸ் என்று ஹாலிவுட் படங்களிலிருந்து பெயர் எடுத்தார்கள். சண்டையும் அப்படித்தான் போட்டார்கள். 1950 கார்னிவலில் இன்வேடர்ஸும் டோக்கியோவும் மோதிக்கொண்டது இன்றும் பேச்சு. பெண் பிள்ளைகளைப் பேன் பயிற்சி முற்றத்தின் பக்கமே விடமாட்டார்கள். 1951இல் பல குழுக்களிலிருந்து பொறுக்கி எடுத்த ஒரு குழு லண்டன் விழாவில் வாசித்துக் கைதட்டல் வாங்கிய பிறகுதான் ஊரில் மரியாதை வந்தது. வெளியூர்க்காரன் பாராட்டினால்தான் வீட்டில் மதிப்பு என்பது நமக்கும் தெரிந்த கதை இல்லையா?

கடற்காகம்:

ராவுத்தர் மகன், ஒப்புக்கொள்கிறேன். நடுவில் இருந்த ஐம்பது வருடத்தை ஒரே தாவலில் தாண்டிவிட்டேன். உள்ளூர்க்காரர்களின் ஏளனத்தைச் சொல்லாமல் விட்டதும் தவறுதான். எங்கள் ஆலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், தன் அப்பா பேன் குச்சியைப் பிடுங்கி அடுப்பில் போட்டதைச் சொல்லியிருக்கிறார். அதே மனிதரின் பேத்தி இப்போது பள்ளிக்கூடக் குழுவில் வாசிக்கிறாள்.

அமெரிக்கத் தளம் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. 'ரம் அண்ட் கோகோ கோலா' என்ற பாட்டு 1945இல் அமெரிக்காவைக் கலக்கியது. அது கலிப்சோ என்ற, ஊர் நடப்பைப் பாடும் டிரினிடாட் பாட்டு வகையின் பாடகர் லார்ட் இன்வேடருடையது. அங்கே வந்த அமெரிக்கச் சிப்பாய்களாலும் அவர்களுடைய டாலராலும் ஊர் எப்படிக் கெட்டது என்று அவர் பாடியதை, ஒரு அமெரிக்கர் கொண்டுபோய்த் தன் பெயரில் பதிந்துகொண்டார். இன்வேடர் நியூயார்க்கில் வழக்குப் போட்டு வென்றார். 1940களில், ஒரு காலனி நாட்டுக் கறுப்பினப் பாடகர், அமெரிக்க நீதிமன்றத்தில்! இதையெல்லாம் பாடப் புத்தகத்தில் வைக்க வேண்டும்.

முத்துக்குமரன் தஞ்சை:

1845இல் இந்தியாவிலிருந்து டிரினிடாடுக்குக் கூலி வேலைக்கு முதல் கப்பலில் போனவர்களில் தமிழர்கள்தான் அதிகம் என்று எங்கோ படித்தேன். அங்கே தாஸா என்று ஒரு மேளம் உண்டாமே, நெருப்பில் காய்ச்சி அடிக்கிறார்கள். அது நம் பறைதானே? யாராவது விளக்குங்கள்.

ஓலைச்சுவடி:

முத்துக்குமரன், இரண்டையும் திருத்த வேண்டியிருக்கிறது. வருத்தப்பட வேண்டாம், உண்மையான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் கப்பல் ஃபதல் ரசாக். 1845 பிப்ரவரி 16 அன்று கல்கத்தாவில் கிளம்பி, 103 நாள் கழித்து மே 30 அன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நின்றது. சுமார் 225 பேர். மே 30 இன்று அங்கே இந்தியர் வருகை நாள், தேசிய விடுமுறை. ஒப்பந்தக் கூலி முறை 1917இல் முடியும்வரை ஏறக்குறைய 1,44,000 பேர் போனார்கள். மிகப் பெரும்பான்மை இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதி. அதனால்தான் அங்கே வீட்டுமொழியாக வேரூன்றியது போஜ்புரி. மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சில ஆயிரம்தான். அதுவும் பெரும்பாலும் ஆரம்ப இருபது ஆண்டுகளில். தமிழர், தெலுங்கர் எல்லோருக்கும் சேர்த்து 'மதராஸி' என்று ஒரே பெயர்.

தாஸா வடக்கிலிருந்து போனது. மண்சட்டி உடல், ஆட்டுத்தோல், கழுத்தில் மாட்டி இரண்டு குச்சியால் அடிப்பார்கள். நெருப்பில் காட்டித் தோலை விறைக்க வைப்பது நம் பறையோடு ஒத்துப்போகிறது. ஆனால் பறையே அது என்று சொல்ல முடியாது.

சரி, தமிழ்த் தடம் எங்கே என்றால் மாரியம்மன் கோயிலில். 'மதராஸி' காளி கோயில்களில் மாரியம்மன், மதுரை வீரன், காட்டேரி, முனீஸ்வரன் எல்லோரும் இருக்கிறார்கள். தப்பு அடிக்கிறார்கள், உடுக்கை அடிக்கிறார்கள், சாமியாடிக் குறி சொல்கிறார்கள். தீமிதிக்கு அங்கே 'ஃபயர் பாஸ்' என்று பெயர். இந்த வழிபாட்டை வடக்கத்திய இந்து அமைப்புகள் ரொம்ப நாள் கீழாகவே பார்த்தன. ஆடு கோழி பலி, சாராயம், சாமியாட்டம் என்று காரணம் சொன்னார்கள். தமிழ் பேசத் தெரிந்தவர் யாரும் மிஞ்சவில்லை. பாட்டும் மந்திரமும் மட்டும் காதால் கேட்டுக் காதால் கைமாறி, அர்த்தம் தெரியாமலே இன்னும் நிற்கின்றன.

ஊர்ப்பெயர்களில் மதராஸ் ரோடு, கொரமாண்டல், கோல்கொண்டா உண்டு. வடக்கிலிருந்து ஃபைசாபாத், பராக்பூர். ஆள்பெயரில் மூட்டூ என்று எழுதுவார்கள், முத்துதான் அது. கறிவேப்பிலைக்கு அங்கே 'கராபுலே' என்று சொல்வார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எங்கிருந்து போன சொல் என்று யாரும் விளக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புரோகிதர் வைத்து, ஊர் கூட்டிச் செய்த இந்துக் கல்யாணத்தை அந்த அரசு 1940களின் நடுப்பகுதி வரைக்கும் சட்டப்படி ஏற்கவில்லை. தனியே பதிவு செய்யாத தம்பதியின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளைகள். நூறு வருடம் இப்படி. கடற்காகம் சொன்ன பட்டியலில் இதையும் சேர்க்கலாம்.

நாகை மேரி:

எங்கள் ஊர் வேளாங்கண்ணிக்குப் பக்கம். டிரினிடாடில் மாதா கோயிலில் இந்துக்கள் மொட்டை போடுகிறார்கள் என்று அங்கே இருந்து வந்த ஒருவர் சொன்னார். உண்மையா?

கடற்காகம்:

உண்மை, மேரி அக்கா. தெற்கே சிப்பாரியா என்ற ஊர். கத்தோலிக்கக் கோயிலில் 'தெய்வீக மேய்ப்பி' என்று ஒரு மாதா சுரூபம். கருத்த முகம், சின்ன உருவம். ஸ்பானியப் பாதிரிமார் காலத்தது. இந்துக்களுக்கு அவள் 'சிப்பாரி மாயி'. பெரிய வியாழன் இரவும் பெரிய வெள்ளியும் கூட்டம் கூட்டமாக வருவார்கள்.

நான் 2011இல் போனேன். கோயில் கூடத்தில் மாதாவை வைத்திருந்தார்கள். வரிசையில் முக்கால்வாசி இந்தியப் பெண்கள். கையில் அரிசி, எண்ணெய், பூ, மெழுகுவர்த்தி. சிலர் தங்க நகை. தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நம் மாரியம்மன் கோயில் வரிசைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வெளியே தெருவில் முடி எடுக்கிறவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆண் குழந்தைகளுக்கு முதல் முடி இறக்குவது அங்கேதான். அப்பாவின் மடியில் ஒரு குழந்தை வீறிட்டு அழ, பாட்டி ஒரு ரொட்டி மாவு உருண்டையைக் கையில் வைத்து, விழுகிற முடியை அதில் ஒட்ட வைத்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரு முடிகூட விழக்கூடாதாம்.

பாதிரியார் தடுப்பதில்லை. ஒரு காலத்தில் நிறுத்தப் பார்த்ததும் உண்டு, முடியவில்லை.

நாகை மேரி:

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது தம்பி. எங்கள் பக்கமும் மாவு உருண்டையில் முடி பிடிப்பது உண்டு.

ராவுத்தர் மகன்:

தடை செய்ததெல்லாம் பெருமையாகிவிட்டது என்று சொல்கிறோம். ஹோசேயை யாரும் சொல்லவில்லையே. முஹர்ரம் ஊர்வலத்துக்கு அங்கே அந்தப் பெயர். ஹுசைன், ஹுசைன் என்று சொல்லி மருவியது. மூங்கில், வண்ணக் காகிதத்தால் மசூதிக் கோபுரம் மாதிரி 'தாஜா' கட்டி, தாஸா அடித்து ஊர்வலம் போய்க் கடைசியில் கடலில் விடுவார்கள். ஷியா முறையில் வந்தாலும் இந்துக் கூலிகள்தான் அதிகம் கலந்துகொண்டார்கள், ஆப்பிரிக்கர்களும் வந்தார்கள். எல்லாத் தோட்டத் தொழிலாளரும் ஒன்று சேர்கிற ஒரே நாள் அது. அரசு பயந்தது அதற்குத்தான்.

1884இல், அதே வருடம்தான், ஊர்வலம் நகரத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. அக்டோபர் 30 அன்று சான் ஃபெர்னாண்டோ எல்லையில் போலீஸ் சுட்டது. குறைந்தது 16 பேர் செத்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம். கையில் ஆயுதம் இல்லை, தாஜாவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்.

இந்த நாளுக்கு விடுமுறை கிடையாது. ஹோசே இன்று பெரிய அளவில் நடப்பது செயின்ட் ஜேம்ஸிலும் தெற்குக் கோடியில் செட்ரோஸிலும்தான். மிதிபட்டதெல்லாம் மேலே வரவில்லை அண்ணா. சிலது மிதிபட்டதோடு சரி.

கடற்காகம்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொன்னது சரி. நான் செயின்ட் ஜேம்ஸில் ஹோசே பார்த்திருக்கிறேன், பிறை நிலவைத் தோளில் வைத்து ஆடும் ஆட்டத்தையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சான் ஃபெர்னாண்டோவில் நான்கு வருடம் போய் வந்தும், எந்தச் சந்திப்பில் சுட்டார்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. மோன் ரிப்போ சந்திப்பு என்பதை ஊர் திரும்பிய பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தார் ரோடு:

நான் சாலைப் பணி ஒப்பந்தம் எடுப்பவன். அங்கே தார் ஏரி என்று ஒன்று உண்டாமே? நிஜமாகவே தார்தானா?

கடற்காகம்:

நிஜத் தார். லா பிரேயா என்ற ஊரில் ஏறக்குறைய 100 ஏக்கர். நடுவில் 75 மீட்டர் ஆழம் என்கிறார்கள். மேலே நடக்கலாம். பெரிய யானைத்தோல் விரித்தது போல மடிப்பு மடிப்பாக இருக்கும், மடிப்புக்குள் மழைத்தண்ணீர். காலை எட்டு மணிக்குக் கெட்டித் தரை. மதியம் நின்ற இடத்திலேயே நின்றால் செருப்பு மெல்ல இறங்கும், எடுக்கும்போது பசை மாதிரி இழுக்கும். கந்தக வாடை வேறு. 1595இல் ஆங்கிலக் கடலோடி வால்டர் ராலே இந்தத் தாரை எடுத்துத்தான் தன் கப்பலின் இடுக்குகளை அடைத்தார். 1876இல் வாஷிங்டனில் பென்சில்வேனியா அவென்யூ போட இங்கிருந்துதான் தார் போனது. வெட்டி எடுத்த பள்ளம் சில நாளில் தானாக மேவிவிடும்.

பவளத்தீவு:

நாட்டின் பெயரே டிரினிடாட் அண்ட் டொபேகோ. இதுவரை டொபேகோ பற்றி ஒரு வரி வரவில்லை. டொபேகோக்காரர்கள் காலம் காலமாகச் சொல்லும் குறையும் இதுதான்.

சுமார் 300 சதுர கிலோமீட்டர் இருக்கிற தீவு. ஸ்பெயின், ஹாலந்து, பிரான்ஸ், இங்கிலாந்து என்று முப்பது முறைக்கு மேல் கைமாறியது. இதில் நம்ப முடியாத ஆள் கூர்லாந்து, இன்றைய லாட்வியாவில் இருந்த குட்டிச் சிற்றரசு. 1654இல் பால்டிக் கடலிலிருந்து கப்பல் அனுப்பிக் குடியேற்றம் அமைத்தார்கள். இன்றும் அங்கே ஒரு விரிகுடாவின் பெயர் கூர்லாந்து.

1776 ஏப்ரல் 13 அன்று மலைமுகட்டுக் காட்டை வெட்டக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். மேற்கு அரைக்கோளத்தில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மிகப் பழைய காடு அதுதான். சட்டத்தில் எழுதியிருக்கும் காரணம், மழைக்காக. மரம் போனால் மழை போகும் என்று 250 வருடம் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். கரும்பு முதலாளிகளின் லாபத்துக்காகப் போட்ட சட்டம் என்றாலும், காடு நின்றது. இன்றும் நிற்கிறது.

கரும்புத் தொழில் நொடித்த பிறகு 1889இல் இங்கிலாந்து இந்தத் தீவைக் கொண்டுபோய் டிரினிடாடோடு ஒட்டியது. டொபேகோவிலிருந்து வந்தவர்தான் ஏ.என்.ஆர். ராபின்சன். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேண்டும் என்ற பேச்சை 1989இல் ஐ.நா.வில் மறுபடி எழுப்பியவர் அவர், அப்போது பிரதமர். அடுத்த வருடம் ஜூலையில் ஆயுதக் குழு ஒன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்து அவரையும் அமைச்சர்களையும் ஆறு நாள் பிணையாக வைத்தது. ராணுவத்தைத் திரும்பிப் போகச் சொல் என்று ஒலிவாங்கியைக் கொடுத்தால், முழு பலத்தோடு தாக்குங்கள் என்று உத்தரவு போட்டார். காலில் சுட்டார்கள். பிழைத்தார், பிறகு குடியரசுத் தலைவரும் ஆனார்.

பழைய ஓவல்:

கிரிக்கெட் பேசாமல் விடக்கூடாது. 1971 மார்ச், போர்ட் ஆஃப் ஸ்பெயின் குயின்ஸ் பார்க் ஓவல். வெஸ்ட் இண்டீஸை இந்தியா முதல்முறை டெஸ்டில் வென்றது அங்கேதான். காவஸ்கருக்கு முதல் டெஸ்ட், 65ம் ஆட்டமிழக்காமல் 67ம். இரண்டாவது இன்னிங்ஸில் நம் சென்னை வெங்கட்ராகவன் 95 ரன்னுக்கு 5 விக்கெட். அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு லார்ட் ரிலேட்டர் என்ற கலிப்சோ பாடகர் காவஸ்கரைப் புகழ்ந்து பாட்டே கட்டினார். சொந்த அணியைத் தோற்கடித்தவனைப் புகழ்ந்து! 1976இல் 403 ரன் இலக்கைத் துரத்தி வென்றதும் அதே மைதானம். சுனில் நரைனுக்கு அந்தப் பெயர் காவஸ்கரால் வந்தது.

தேன்மொழி_கோவை:

அண்ணா, கடலுக்குள் ஒரு கோயில் இருப்பதாகப் படம் பார்த்தேன். அதைச் சொல்லுங்களேன்.

கடற்காகம்:

என் ஆலையிலிருந்து இருபது நிமிடத் தூரம், வாட்டர்லூ. சனிக்கிழமை சாயங்காலம் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன்.

சிவ்தாஸ் சாது என்று ஒரு கரும்புத் தோட்டத் தொழிலாளி. 1947இல் கடற்கரை ஓரமாக ஒரு சின்னக் கோயில் கட்டினார். இடம் சர்க்கரைக் கம்பெனியுடையது. இடிக்கச் சொன்னார்கள், மறுத்தார். 14 நாள் சிறை, அபராதம், கோயிலையும் இடித்தாயிற்று. கரையில் இடம் இல்லையென்றால் கடலில் கட்டுகிறேன், கடல் யாருக்கும் சொந்தம் இல்லையே என்று கிளம்பினார்.

சைக்கிளில் கல்லும் மணலும் சிமெண்டும் எடுத்துவருவார். கடல் வற்றுகிற நேரத்தில் சேற்றில் இறங்கி, பழைய எண்ணெய் பீப்பாயை நிறுத்தி அதற்குள் கான்கிரீட் போடுவார். அலை ஏறினால் கரைக்கு வந்துவிடுவார். ஊரில் பைத்தியம் என்று பேசினார்கள். இருபத்தைந்து வருடம். தனி ஆள். பிறகு அரிப்பில் சிதைந்ததை, 1995இல் இந்தியர் வந்த 150ஆம் ஆண்டுக்காக அரசே எடுத்துக் கட்டியது. இப்போது எட்டுப்பட்டைக் கோயில், கரையிலிருந்து நடந்து போகப் பாதை, இரண்டு பக்கமும் கொடி கட்டிய மூங்கில்கள். கரையில் சாதுவின் சிலை இருக்கிறது. பக்கத்திலேயே சுடுகாடு, கடலோரத்தில் சிதை அடுக்குவார்கள்.

பீப்பாய் என்றதும் பஞ்சமம் சொன்னது ஞாபகம் வருகிறதா? அதே பீப்பாய்தான். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒருவர் அதைச் சுரம் ஆக்கினார், வாட்டர்லூவில் ஒருவர் அஸ்திவாரம் ஆக்கினார்.

ராவுத்தர் மகன்:

இது எனக்குத் தெரியாத செய்தி. நன்றி அண்ணா. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளி 35 சதவீதம், ஆப்பிரிக்க வம்சாவளி 34 சதவீதம். ஓட்டும் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் பிரிகிறது. 1995 வரை இந்திய வம்சாவளிப் பிரதமர் ஒருவர் வரவில்லை. முதலில் வந்தவர் பாஸ்தியோ பாண்டே. இப்போதைய பிரதமர் கம்லா பெர்சாத் பிசேசர் இரண்டாவது முறையாக 2025இல் வந்திருக்கிறார். தீபாவளி, ஈத், ஷௌட்டர் நாள் எல்லாம் எல்லோருக்கும் விடுமுறை என்பது பெரிய விஷயம்தான். ஆனால் முத்திரையில் எந்த வாத்தியம், எந்தக் கப்பல் என்பதில் யாருக்கு இடம் என்ற கேள்வி அங்கே இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

தேன்மொழி_கோவை:

அடுத்த வருடம் போகலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். எப்போது போனால் நல்லது? அங்கே நம் சாப்பாடு கிடைக்குமா?

கடற்காகம்:

பேன் கேட்க வேண்டும் என்றால் கார்னிவலுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே போய்விடுங்கள். சாம்பல் புதனுக்கு முந்தின திங்கள், செவ்வாய்தான் கார்னிவல். ஆனால் பனோரமா என்ற ஸ்டீல்பேன் போட்டிக்காகக் குழுக்கள் ராத்திரி ராத்திரியாகப் பயிற்சி செய்வதைக் கேட்பதுதான் நிஜமான அனுபவம். பயிற்சி முற்றத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். 'டால்பூரி' என்பது இனிப்பு இல்லாத பருப்புப் போளி. 'பஸ்-அப்-ஷட்' என்று கேட்டால் தோசைக்கல்லிலேயே அடித்துக் கிழித்த பரோட்டா வரும். கிழிந்த சட்டை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். காலையில் 'டபுள்ஸ்'. மஞ்சள் போட்டுப் பொரித்த மெல்லிய ரொட்டி ('பாரா') இரண்டு, நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே வெள்ளரிக்காய், புளிச்சட்னி, மிளகாய். கடைக்காரர் மிளகாய் எவ்வளவு என்று கேட்பார். 'ஸ்லைட்' என்று சொல்லுங்கள். நம்மூர்க் காரம் தின்றவள்தானே என்று அதிகம் கேட்டுவிடாதீர்கள், மொருகா பக்கத்து மிளகாய் உலகத்திலேயே கடுமையானவற்றில் ஒன்று. ஆறு மணிக்குப் போனால் சூடாகக் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் நல்ல கடையில் தீர்ந்துபோகும்.

சிப்பாரியாவும் பார்க்க வேண்டும் என்றால் பெரிய வியாழன் மதியமே கிளம்பிவிடுங்கள், இருட்டிய பிறகு ஊருக்குள் வண்டி நகராது.